ஏணியும் படிகளும்: தோட்டத்து இளைஞர் வேலை தேடிய வரலாறு

"தமிழ்ப்பள்ளியில் படித்தவனுக்கு வேலை கிடைக்காது" என்னும் பேச்சு மலேசியத் தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பிள்ளையை முதல் வகுப்பிற் சேர்க்க எண்ணும் பெற்றோர் இதனைச் சொல்லித் தயங்குகின்றனர். தமிழ்ப்பள்ளியிற் பயின்று உயர்ந்தோருட் சிலரும் இதனை மறுப்பதில்லை. ஒரு சமுதாயம் தன் பள்ளியைப் பற்றியே இவ்வாறு கூறுமாயின், அக்கூற்றின் உண்மையை ஆராய்ந்து பார்ப்பது தமிழாசிரியர் அனைவர்க்கும் கடமையாகும்.

குறைந்த கல்வித் தகுதியோடு பதினெட்டு வயதில் வேலை தேடிப் புறப்பட்ட தோட்டத்து இளைஞனின் நிலையை வரலாற்று முறையில் நோக்குவோமாயின், அவனைத் தடுத்தது அவன் பயின்ற மொழியன்று என்பது புலனாகும். ஏறுவதற்கென்று அவன்முன் வைக்கப்பட்ட ஏணியில் மேற்படிகள் இல்லை. சில காலங்களில் ஏணியே இல்லை.

தோட்டப் பள்ளியின் நோக்கம்

மலாயாவுக்கு வந்த முதல் தலைமுறைத் தமிழர் வேலை தேடவில்லை. வேலையே அவர்களைத் தேடிச் சென்றது. கங்காணி தன் ஊருக்குச் சென்று உற்றார் உறவினரைத் திரட்டி அழைத்து வந்தான். அன்று கேட்கப்பட்ட தகுதி உடல் வலிமை ஒன்றே. கையெழுத்திடத் தெரியுமா என்று எவரும் வினவியதில்லை.

தொழிலாளர் குடும்பத்தோடு தங்கத் தொடங்கிய பின்னர்ப் பள்ளியின் தேவை எழுந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டங்களில் நிருவாகம் பள்ளி அமைத்துத் தருதல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அச்சட்டத்தினால் பள்ளிகள் பெருகின. எனினும் அவற்றுட் பல, கோயிற் கொட்டகையிலும் லயத்தின் ஒரு மூலையிலும் நடந்தவை. கிராணியோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் ஆசிரியரானார். ஒருவரே எல்லா வகுப்புகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக் கற்பித்தார். பெரும்பாலான தோட்டங்களிற் கல்வி நான்காம் வகுப்போடு நின்றது.

இவ்வமைப்பில் ஒரு கணக்கு இருந்தது. தொழிலாளி குடும்பத்தோடு தோட்டத்தில் நிலைக்க வேண்டும். அவன் பிள்ளை எழுத்தறிந்து, வளர்ந்ததும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். பால்மரக் காட்டுக்கு அப்பாலுள்ள உலகத்திற்கு ஆயத்தம் செய்வது அப்பள்ளியின் நோக்கமாக இருந்ததில்லை. ஆகவே, அப்பள்ளியிற் படித்தவனுக்கு வெளியில் வேலை கிடைக்கவில்லை என்பது பள்ளியின் தோல்வி எனல் பொருந்தாது. பள்ளியை அமைத்தோர் வகுத்த எல்லை அதுவே.

கப்பலேறிய வேலையின்மை

1929ஆம் ஆண்டுக்குப் பின் உலகைச் சூழ்ந்த பொருளாதார மந்தத்தின்போது ரப்பர் விலை வீழ்ந்தது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. பல்லாயிரவர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்நாளில் வேலையின்மை மலாயாவில் தங்கவில்லை. அது கப்பலேறிச் சென்றது. வேலை இழந்தவனுக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது.

1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்று மலாயாவுக்கு வருவதைத் தடை செய்தது. கங்காணி முறை அத்துடன் முடிவுற்றது. அதன் பின்னர்த் தோட்டங்களில் உழைத்தோர் மேன்மேலும் இம்மண்ணிற் பிறந்தோராயினர். இவர்களுக்குத் திரும்பிச் செல்ல வேறோர் ஊர் இல்லை. வேலை தேடுதல் என்னும் சிக்கலை முதன்முதலாக முழுமையாக எதிர்கொண்டது இத்தலைமுறையே.

வீட்டைக் காத்த வேலை

தோட்டத்து லயத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. குடும்பத்தில் எவரும் தோட்டப் பெயர்ப்பட்டியலில் இல்லையெனில் வீட்டையும் விடவேண்டும். தந்தை நோயுற்றாலோ முதுமையுற்றாலோ மகனோ மகளோ அவ்விடத்தில் நின்றால்தான் கூரை நிலைக்கும். எனவே படிப்பை நிறுத்திப் புல்வெட்டவும் மருந்தடிக்கவும் சென்ற இளைஞரை ஊக்கமற்றவர் என்று கூறுதல் தகாது. அவர் தேடியது தமக்கொரு வேலை மட்டுமன்று. தம்பி தங்கையர் உறங்க ஓர் இடம்.

அந்த இடத்திற்கும் கேடு வந்தது. 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். துண்டாடப்பட்ட நிலத்தில் பழைய தொழிலாளர் பலருக்கு வேலையுமில்லை, வீடுமில்லை. இதனைத் தடுக்கும் நோக்குடன் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. தொழிலாளர் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தி 100 வெள்ளிப் பங்கினைப் பெற்றனர். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. உயர்ந்த சான்றிதழ் ஏதுமில்லாத மக்கள் தம் சிறுசேமிப்பினால் தம் வேலையைத் தாமே காத்துக்கொண்ட வரலாறு இது.

வாயிலிற் கேட்கப்பட்ட தாள்கள்

1957இல் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. விடுதலை பெற்ற நாட்டில் வேலை கேட்டுச் சென்றவனிடம் முதலிற் கேட்கப்பட்டது கல்விச் சான்றிதழன்று, குடியுரிமைத் தாள்.

விடுதலைக்கு முன் இந்நாட்டிற் பிறந்தோர் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பின் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தோர்க்கு மலாய்மொழித் தேர்வில் விலக்கும் அளிக்கப்பட்டது. ஆயினும் தோட்டத்தின் உள்ளே வாழ்ந்தோர் பலர் அதன் அருமையை உணரவில்லை. எடுத்துரைப்பார் இல்லாத இடங்களும் உண்டு. பிறப்புப் பத்திரம் தொலைந்தவர் சிலர். பத்திரத்தில் ஒரு பெயரும் பள்ளியில் மற்றொரு பெயருமாக எழுதப்பட்டவர் சிலர். ஓராண்டு கடந்தது. சிவப்பு அடையாள அட்டையே பலர் கையில் நின்றது.

அதன் விளைவு பதினோராண்டுகளுக்குப் பின் தெரிந்தது. குடியுரிமை இல்லாதோர் குறிப்பிட்ட தொழில்களிற் பணியாற்ற உரிமம் பெறவேண்டும் என்னும் சட்டம் 1968இல் இயற்றப்பட்டு, 1969 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டிலேயே பல்லாண்டு உழைத்தவர் உரிமம் கேட்டு வரிசையில் நின்றனர். பல்லாயிரவர் இந்தியா சென்றனர். தந்தை செல்ல, இங்கே பிறந்த மகன் வேலை தேடி நின்ற குடும்பங்களும் உண்டு. இங்கே இளைஞனைத் தடுத்தது அவன் படித்த மொழியா? உரிய காலத்தில் நிரப்பப்படாத ஒரு விண்ணப்பத்தாள் அன்றோ!

பன்னிரண்டு வயதில் மூடிய கதவு

இரண்டாவதாகக் கேட்கப்பட்டது கல்விச் சான்றிதழ். தமிழ்வழி இடைநிலைக் கல்வி இந்நாட்டில் வேரூன்றவில்லை. ஆறாம் வகுப்பு முடித்தவன் மேலே பயில வேண்டுமாயின் இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வில் வெற்றி பெறவேண்டும். எல்லா மொழிப் பள்ளிகளிலும் பெரும்பான்மை மாணவர் அத்தேர்விற் பின்தங்கினர். ஒருவனது எதிர்காலம் பன்னிரண்டு வயதிலேயே தீர்மானிக்கப்பட்டது. தேறாத சிறுவன் உழைப்பதற்கு மிக இளையவன், பயில்வதற்கோ இடமற்றவன்.

1964இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. 1965 முதல் யாவரும் மூன்றாம் படிவம் வரை பயில வழி பிறந்தது. தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு தங்கி, பின்னர் முதற் படிவம் சென்றனர். ஏணியில் ஒரு படி கூடியது. அதனைப் பற்றி ஏறியோர் பலர். எனினும் பட்டணத்துப் பள்ளிக்குச் செல்லும் பேருந்துச் செலவு, தொலைவு, புதிய பயிற்றுமொழி ஆகியவை பலரை இடையில் நிறுத்தின. எல்.சி.இ. தேர்வில் தவறியோர் பதினாறு வயதில் வெளியேறினர். கதவு மூடும் வயது பன்னிரண்டிலிருந்து பதினாறாயிற்று. கதவு முற்றும் திறந்துவிடவில்லை.

வெளியேறியோர் லாரி உதவியாளராயினர். பட்டறைகளிலும் கடைகளிலும் கட்டடத் தொழிலிலும் கைவேலை கற்றனர். 1972இல் பினாங்கு, பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தோன்றியபின் மின்னணுத் தொழிற்சாலைகள் இளம்பெண்களைத் தேடின. அண்டையிலுள்ள தோட்டத்துப் பெண்களும் தொழிற்சாலைப் பேருந்தேறினர். பெரட்டுக் களத்துக்கு மாற்றாக ஒரு சம்பளம் உண்டு என்பதனைப் பல குடும்பங்கள் முதன்முதலில் மகளின் வாயிலாகவே அறிந்தன.

தோட்டத்திலோ இடம் சுருங்கியது. ரப்பருக்கு மாற்றாக வந்த செம்பனைக்குக் குறைந்த ஆட்களே போதுமாயினர். நிலையான வேலை குறைந்து ஒப்பந்த வேலை மிகுந்தது. 1984இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் மேடானில் செய்துகொண்ட உடன்பாடு தோட்டத் தொழிலுக்கு அயலகத் தொழிலாளர் வரும் வழியை முறைப்படுத்தியது. பின்னர்த் தோட்டங்களே நகரங்களாயின. பிராங் புசார் தோட்டம் இருந்த நிலத்தில் இன்று புத்ராஜெயா நிற்கின்றது.

ஒரே தொழில், உயரும் தகுதி

தகுதி என்பது காலத்துக்குக் காலம் மாறுவது என்பதற்கு ஆசிரியத் தொழிலே சிறந்த சான்று. முன்னாளில் தமிழ்ப்பள்ளியில் ஏழாம் வகுப்புத் தேறியவர் ஆசிரியப் பயிற்சிக்குத் தகுதியுடையவராயினர். வார நாள்களிற் கற்பித்து, வார இறுதியில் தாம் கற்றுப் பயிற்சி முடித்தோர் பலர். பின்னர் எல்.சி.இ. வேண்டும் என்றாயிற்று, அதன்பின் ஐந்தாம் படிவச் சான்றிதழ், இன்றோ ஆசிரியர் கல்விக் கழகத்திற் பட்டம் பெறுதல் வேண்டும்.

இதில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. ஏழாம் வகுப்புச் சான்றிதழுடன் வகுப்பறையில் நுழைந்தவரே பின்னாளைய பட்டதாரிகளுக்கு அகரம் எழுதிக் காட்டினர். எனவே தாளின் உயரமும் ஆளின் உயரமும் ஒன்றல்ல. ஏழாம் வகுப்புக்கு அடுத்து ஒரு பயிற்சிப் படி வைக்கப்பட்டிருந்தமையால் தோட்டத்துப் பிள்ளைகள் அதில் ஏறினர். படி உள்ள இடத்தில் அவர்கள் ஏறத் தவறியதில்லை. இதனை உணர்ந்தோர் படிகள் அமைக்க முற்பட்டனர். 1979இல் தோன்றிய கல்வி, சமூகநல, ஆய்வு அறவாரியமும், 1982இல் தோன்றிய ஸ்ரீ முருகன் நிலையமும் மாணவரை அடுத்த தேர்வுக்கு ஆயத்தம் செய்வதனைத் தம் பணியாகக் கொண்டன.

கைத்திறனுக்கு ஒரு தாள்

தேர்விற் பின்தங்கியோர்க்குக் கைத்திறன் ஒரு வழியாயிற்று. பட்டறையிற் பத்தாண்டு பழகியவன் கையிற் கலை இருந்தது. அதற்குத் தாள் இல்லை. 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் மலேசியத் திறன் சான்றிதழுக்கு உறுதியான அடித்தளம் அமைத்தது. பயிற்சி நிலையத்திற் சேர்ந்தும் அச்சான்றிதழைப் பெறலாம். பணியிற் பெற்ற அனுபவத்தை மெய்ப்பித்தும் பெறலாம். பற்றவைப்போனும் மின்பணியாளனும் தாம் முன்பே அறிந்ததற்குச் சான்று பெறும் வழி இது. இவ்வழி இருப்பதனை அறியாத பெற்றோர் இன்றும் உளர்.

இன்னொன்றும் ஆசிரியர் உளங்கொள்ளத்தக்கது. ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், மூன்றாம் படிவப் பி.தி.3 மதிப்பீடு 2022இலும் நீக்கப்பட்டன. இளம் வயதிற் கதவை மூடும் தேர்வுகள் மறைந்தமை நன்றே. ஆயின் ஐந்தாம் படிவத்துக்கு முன் விலகுவோன் கையில் தேசியத் தேர்வுச் சான்றிதழ் எதுவும் இராது. எல்.சி.இ. தாள் ஒன்றையேனும் காட்டி வேலை கேட்ட பாட்டன் நிலையிலும் பேரன் நிலை தாழ்ந்துவிடக் கூடும்.

1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520க்குச் சற்று மேற்பட்டுள்ளன. அவற்றின்மீது சுமத்தப்படும் பழிச்சொல்லை வரலாறு ஏற்கவில்லை. தமிழ் எவர்க்கும் வேலையை மறுத்ததில்லை. நிரப்பப்படாத விண்ணப்பமும், நான்காம் வகுப்போடு நின்ற பள்ளியும், பேருந்துச் செலவும், வேலையோடு பிணைந்த வீடுமே மறுத்தன. இவை மனிதரால் அமைந்தவை. ஆதலின் மனிதரால் மாற்றத்தக்கவை.

எனவே ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் மாணவனைப் பார்த்து, "இவன் தேறுவானா?" என்று வினவுவதோடு ஆசிரியர் பணி முடிவதில்லை. அவனது பிறப்புப் பத்திரத்தில் பெயர் சரியாக உள்ளதா, அடையாள அட்டைக்கு உரிய வயதில் விண்ணப்பித்தனரா, படிப்பில் நாட்டம் குன்றினால் அவன் செல்லத்தக்க திறன் பயிற்சி நிலையம் எங்குள்ளது என்பனவற்றைப் பெற்றோர்க்கு எடுத்துரைத்தலும் அப்பணியைச் சார்ந்ததே. 1957இல் அவ்வாறு எடுத்துரைக்க ஒருவர் இருந்த தோட்டத்தில் பிள்ளைகள் நீல அட்டையோடு வேலைக்குச் சென்றனர். இல்லாத தோட்டத்தில் உரிமத்துக்காக வரிசையில் நின்றனர்.