உள் ஒதுக்கீட்டின் நியாயம்: அருந்ததியர் மூன்று விழுக்காட்டை முன்வைத்து

இடஒதுக்கீடு நியாயமா என்ற கேள்வி நம்மிடையே பெரும்பாலும் பொதுப்பிரிவினருக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் இடையிலான வழக்காகவே பேசப்பட்டுவந்திருக்கிறது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்றானதும், அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்ததும் இந்தப் பேச்சுக்கு ஒரு போக்கை வகுத்துக்கொடுத்தன. ஒதுக்கீட்டுக்கு உள்ளே யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்ற கேள்வி வெகுகாலம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. இடஒதுக்கீட்டை எந்தக் காரணத்துக்காக ஏற்கிறோமோ அதே காரணம் உள் ஒதுக்கீட்டையும் ஏற்கச் சொல்கிறது. முதலாவதை ஏற்று இரண்டாவதை மறுப்பதற்கு நேர்மையான வழி ஏதுமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஏற்றத்தாழ்வான நிலையிலிருந்து வருபவர்களை ஒரே தேர்வில் உட்காரவைத்து, வரும் மதிப்பெண்ணைத் தகுதி என்று அறிவிப்பது பழைய அநீதிக்குப் புதிய சான்றிதழ் கொடுப்பதாகும். இடஒதுக்கீடு சமத்துவத்துக்கு விதிவிலக்கல்ல, அதன் ஒரு முகமே என்று 1975இல் என்.எம். தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொண்ட பார்வை இதை ஒட்டியதுதான். அப்படியானால் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் நடக்கும் போட்டிக்கு மட்டும் வேறு நியாயம் எப்படிப் பொருந்தும்? இந்திரா சாஹ்னி தீர்ப்பு (1992) பிற்படுத்தப்பட்டோரைப் பற்றிப் பேசும்போது, பொற்கொல்லர்களையும் கல்லுடைக்கும் வட்டேக்களையும் ஒரே தொகுப்பில் வைத்தால் இடங்கள் எல்லாம் பொற்கொல்லர்களுக்கே போய்விடும் என்று எடுத்துக்காட்டியது. அதே நீதிமன்றம் 2004இல் சின்னையா வழக்கில், பட்டியல் சாதிகள் ஒரே வகுப்பு, அதைப் பிரிக்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று கூறி ஆந்திரத்தின் நான்கு பிரிவு ஒதுக்கீட்டை ரத்துசெய்தது. ஆனால் குடியரசுத் தலைவர் வெளியிடும் பட்டியல் யார் உள்ளே, யார் வெளியே என்றுதான் சொல்கிறது. உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள் என்று அது எங்கும் சொல்லவில்லை.

சொல்லவும் முடியாது. ஊருக்கு வெளியே சேரி என்றால், பல ஊர்களில் அந்தச் சேரிக்கும் தள்ளி அருந்ததியர் தெரு இருக்கிறது. கொங்கு வட்டாரத்தில் பண்ணையத்து ஆளாகத் தலைமுறை தலைமுறையாக ஒரே தோட்டத்தில் உழைத்தவர்கள், தோல் வேலையும் மலம் அள்ளும் வேலையும் சுமத்தப்பட்டவர்கள் அவர்கள். தீண்டாமை எல்லாப் பட்டியல் சாதியினரையும் தாக்கியது என்பது உண்மை. நிலம், பள்ளிக்கூடம், நகரத்துத் தொழில் ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு எல்லாருக்கும் ஒரே காலத்தில் வரவில்லை என்பதும் உண்மை. அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கியபோது அந்தப் படிகள் ஒடுக்கப்பட்டோரின் எல்லையில் வந்து நின்றுவிடுவதாக எண்ணவில்லை.

தமிழ்நாடு 2009இல், நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரையை ஏற்று இயற்றிய சட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் ஆகிய ஏழு பெயர்களில் அறியப்படுவோருக்கு, பட்டியல் சாதி இடங்களில் 16 விழுக்காட்டை அது முன்னுரிமையாகத் தருகிறது. 18இல் 16 விழுக்காடு 2.88, அதுவே மூன்று என்று வழங்குகிறது. வேலைவாய்ப்பில் இந்த இடங்களுக்குத் தகுதியான அருந்ததியர் கிடைக்காவிட்டால் அவை மற்றப் பட்டியல் சாதியினருக்குப் போகும். கூடுதலாகத் தகுதியுள்ளவர் இருந்தால் அவர்கள் எஞ்சிய இடங்களுக்கு மற்றவர்களோடு போட்டியிடலாம். உள் ஒதுக்கீடு வந்தால் இடம் நிரம்பாமல் கிடந்து கடைசியில் யாருக்கோ போய்விடும் என்ற அச்சத்துக்கு இதிலேயே பதில் இருக்கிறது. நன்றாக யோசித்து எழுதிய சட்டம் என்றே இதை மதிப்பிடுகிறேன்.

ஒரு புகாரை மட்டும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசைப்படுத்தும் இனச்சுழற்சிப் பட்டியலில் பட்டியல் சாதிக்கான முதல் இடம், அதாவது மொத்த வரிசையின் இரண்டாவது இடம், அருந்ததியருக்கு முன்னுரிமையாக வைக்கப்பட்டிருக்கிறது. நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் துறையில் இது சிக்கலில்லை. பாடவாரியாக மூன்று நான்கு பேரை மட்டும் எடுக்கும் கல்லூரி ஒன்றில், மற்றப் பட்டியல் சாதியினரான பறையரோ பள்ளரோ அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதாகிறது. ஒவ்வோர் அறிவிப்பிலும் சுழற்சியை முதலிலிருந்தே தொடங்கினால் அந்தக் காத்திருப்பு முடிவதேயில்லை. இந்தக் குறைக்குக் காரணம் பதிவேட்டை நடத்தும் விதம். உள் ஒதுக்கீட்டின் கொள்கை அன்று. விட்ட இடத்திலிருந்து சுழற்சியைத் தொடர வேண்டும், பதிவேட்டை எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மூன்று விழுக்காடு உண்மையில் மூன்றாகவே இருக்கிறதா என்ற ஐயம் இரு சமூகங்களுக்கிடையே கசப்பாக வளர்வதற்கு பதிவேட்டை வெளியிடாத அரசின் மௌனமே முதல் காரணம்.

பிரித்தால் ஒற்றுமை சிதையும் என்ற மறுப்பும் உண்டு. 1970இல் தமிழ்நாட்டின் சட்டநாதன் ஆணையம், பிற்படுத்தப்பட்டோருக்குள் சில சாதிகளே பெரும்பங்கைப் பெறுவதைச் சுட்டிக்காட்டியது. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கென 20 விழுக்காடு தனியே பிரிக்கப்பட்டது. அதனால் பிற்படுத்தப்பட்டோர் அரசியல் வலுவிழந்ததாக யாரும் சொல்வதில்லை. அங்கே நியாயமாகத் தெரிந்த பிரிவினை, அவர்களைவிடக் கீழே தள்ளப்பட்ட ஒரு மக்கள் கேட்கும்போது மட்டும் பிளவாகத் தெரிவது வருத்தத்துக்குரியது. பங்கு கிடைக்காதவரிடம் ஒற்றுமையைக் கேட்பது பங்கைப் பெற்றவருக்கே வசதி.

2024 ஆகஸ்ட் 1 அன்று தேவிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் சின்னையா தீர்ப்பை மாற்றியது சரியான திருத்தம். ஆனால் அந்த அமர்வில் நால்வர், பட்டியல் சாதியினருக்கும் வசதியானவர்களை விலக்கும் கிரீமிலேயர் அளவுகோல் வேண்டும் என்ற கருத்தையும் வெளியிட்டார்கள். இதை ஏற்க இயலாது. உள் ஒதுக்கீடு ஒரு சமூகத்தின் பின்தங்கலைச் சமூக அளவிலேயே பார்க்கிறது. கிரீமிலேயர் முறை தனிக் குடும்பத்தின் வசதியைப் பார்த்து, தீண்டாமை அதோடு தீர்ந்ததாகக் கணக்கை முடித்துவிடுகிறது. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்ற வரம்பை விதித்து, மக்களவைத் தேர்தல் தோல்விக்குப்பின் அதைத் திரும்பப் பெற்று, ஒதுக்கீட்டை 31இலிருந்து 50 விழுக்காடாக்கியது. வருமானத்தைச் சாதியின் அளவுகோலாக்க முயன்றதன் கதை அது. அதிகாரியான பட்டியல் சாதிக்காரருக்கு வாடகை வீடு மறுக்கப்படும்போது யாரும் அவருடைய சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை.

தேவிந்தர் சிங் தீர்ப்பில் நான் மிகவும் மதிப்பது, பிரதிநிதித்துவத்தை எண்ணிக்கையால் அளக்காமல் எந்த நிலைப் பணியில் என்று பார்த்து அளக்க வேண்டும் என்ற அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட்டின் கருத்து. நகராட்சிகளில் தூய்மைப் பணியாளரையும் சேர்த்துக் கூட்டினால் அருந்ததியர் அரசுப் பணியில் நிறையவே இருப்பதாகத் தோன்றும். துடைப்பத்தோடு நிற்பவரை வட்டாட்சியரோடும் பேராசிரியரோடும் ஒரே பத்தியில் கூட்டும் கணக்கு ஒரு சமூகத்தையே ஏமாற்றுகிறது. ஆகவே துறைவாரியாகவும் பணிநிலைவாரியாகவும் உட்சாதிவாரியாகவும் புள்ளிவிவரத்தை அரசு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. தூய்மைப் பணி நகரந்தோறும் ஒப்பந்த நிறுவனங்களிடம் போய்க்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகையின் முன் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்து போராடியது இதை எதிர்த்துத்தான். அரசுப் பணியிடம் ஒப்பந்தமானதும் இனச்சுழற்சி அதைத் தொடுவதில்லை; நிரந்தர ஊதியமும் ஓய்வூதியமும் போய்விடுகின்றன. அந்த ஊதியம்தான் பிள்ளைகளைக் கல்லூரிவரை அனுப்பிவந்தது. வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை 2009 சட்டம் அரசின் கீழுள்ள பணிகளுக்கே பொருந்தும். அரசுப் பணத்தில் நடக்கும் ஒப்பந்தங்களுக்கும் மாநிலத்தின் மொத்த ஒதுக்கீடான 69 விழுக்காட்டையும் அதனுள் இந்த மூன்றையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை மாநிலச் சட்டமன்றம் கொண்டுவர வேண்டும். அப்போது மேற்பார்வையாளர், கணக்கர், பொறியாளர் பணியிடங்களும் அந்தக் கணக்குக்குள் வரும்.