தோலில்லா மேளம் பிறந்த கதை

தெருமுனையில் ஒரு கார் வந்து நிற்கிறது. கண்ணாடி ஏற்றியிருப்பதால் உள்ளே பாடும் குரல் நமக்குக் கேட்பதில்லை. 'தும்ம்... தும்ம்' என்று ஓர் அடி மட்டும் சுவரைத் தாண்டி வந்து ஜன்னல் கம்பியை அதிர வைக்கிறது. காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அது அதிகம் விழுகிறது. இசைக்காரர்கள் அதைக் 'கிக்' என்பார்கள். அந்த அடியின் வம்சாவளியைத் தேடிப் போனால், 1980இல் ஜப்பானில் பிறந்த ஒரு பெட்டிக்கு வந்து சேர்வோம். அதன் பெயர் ரோலண்ட் டிஆர்-808.

ரோலண்ட் நிறுவனத்தை 1972இல் தொடங்கியவர் இகுடாரோ காகேஹாஷி. 1930இல் ஒசாகாவில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். இளமையில் கடிகாரமும் ரேடியோவும் பழுதுபார்த்துப் பிழைத்தவர். ரோலண்டுக்கு முன்பே, 1960களில், 'ஏஸ் டோன்' என்ற பெயரில் ரிதம் பெட்டிகள் செய்துகொண்டிருந்தார். வீட்டில் ஆர்கன் வாசிப்பவருக்குத் துணைக்குத் தாளம் போடுவதுதான் அக்காலத்து ரிதம் பெட்டியின் வேலை. வால்ட்ஸ், சாம்பா என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் அதற்குள் இருக்கும் தாளம் ஓடும். 808இல் நிலைமை மாறியது. வரிசையாக 16 பொத்தான்கள். எந்த இடத்தில் அடி விழ வேண்டும் என்பதை வாசிப்பவரே எழுதிக்கொள்ளலாம்.

சரி, மேளத்தின் ஓசைக்கு எங்கே போவது? அதே 1980இல் அமெரிக்காவில் ரோஜர் லின் தன் எல்எம்-1 பெட்டியைக் கொண்டுவந்தார். நிஜ டிரம்ஸைப் பதிவு செய்து மெமரி சிப்பில் ஏற்றியிருந்தார். கேட்டால் நிஜ டிரம்ஸ் போலவே இருக்கும். விலை ஏறத்தாழ 5,000 டாலர். 808இன் விலை 1,195 டாலர். அந்த விலைக்குள், அன்றைய மெமரி சிப்புக்கு இடமே இல்லை. ஆகவே ரோலண்டின் பொறியாளர்கள் ஓசையைச் சர்க்யூட்டிலேயே பிறக்க வைத்தார்கள்.

எப்படி? ஓர் ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிட்டால், அது தனக்கே உரிய வேகத்தில் ஆடி ஆடி மெல்ல நிற்கும். 808இன் கிக் சர்க்யூட்டும் அப்படித்தான். சில ரெசிஸ்டர்கள், சில கெபாசிட்டர்கள், ஓர் ஆம்ப்ளிஃபயர் சிப். 'பிரிட்ஜ்டு-டி' என்று அந்த அமைப்புக்குப் பெயர். சும்மா இருக்கும்போது அதில் சத்தமே இராது. மில்லி செகண்ட் கணக்கில் ஒரு சிறு மின் தட்டல் விழுந்ததும், நொடிக்கு ஏறத்தாழ 50 முறை ஆடி அடங்கும். நம் வீட்டு மின்சாரம் ஆடும் வேகமும் இதுவே. வெளியே வரும் அலையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பினால் ஊஞ்சல் கூடுதல் நேரம் ஆடும். எவ்வளவு அனுப்புவது என்பதை 'டிகே' என்ற திருகு தீர்மானிக்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தோல் கருவியை ஓங்கி அடித்த கணத்தில் தோல் இழுபட்டுச் சுருதி ஏறும். பிறகு இறங்கி நிலைக்கும். அதற்கு ஈடாக, 808இன் சர்க்யூட்டும் முதல் சில மில்லி செகண்டுகள் மட்டும் மேல் சுருதியில் துடித்துவிட்டுக் கீழே இறங்கும். 'தும்' என்பதில் 'த்' பிறப்பது அந்த இடத்தில்தான்.

இவ்வளவு செய்தும், நிஜ டிரம்ஸ் போல இல்லை என்ற குறையிலிருந்து 808 தப்பவில்லை. ஏறத்தாழ 12,000 பெட்டிகளோடு 1983இல் உற்பத்தி நின்றது. பழைய பொருள் கடைகளில் மலிவு விலைக்குக் கிடந்தது.

மலிவானதால்தான் அது போய்ச் சேர வேண்டியவர்களிடம் சேர்ந்தது. கையில் காசில்லாத இளைஞர்கள் வாங்கினார்கள். உற்பத்தி நிற்பதற்கு முன்பே, 1982இல், நியூயார்க்கில் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' அந்தக் கிக்கை நடன அரங்குகளுக்குக் கொண்டுபோயிருந்தது. அதே ஆண்டு மார்வின் கேயின் 'செக்ஷுவல் ஹீலிங்' அதை மென்மையான காதல் பாட்டிலும் உட்கார வைத்தது. மும்பையில் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்த இசைத்தட்டிலும் தாளம் போட்டது 808தான். பின்னால் மியாமி இளைஞர்கள் டிகே திருகை முழுக்கத் திருப்பி, அடியை நீண்ட முழக்கமாக்கிக் கார் ஸ்பீக்கர்களை அதிர விட்டார்கள். அட்லாண்டாவின் டிராப் இசையில் அந்த முழக்கத்தையே ஸ்வரம் ஸ்வரமாக வாசிக்கிறார்கள். அங்கே '808' என்றால் பெட்டியின் பெயரல்ல, பேஸ் ஓசையின் பெயர்.

பதிவு செய்த ஓசைக்கு இந்த வாழ்வு எளிதல்ல. அது ஒரு நாள், ஓர் அறையில், ஒருவர் அடித்த அடி. 808இன் அடியோ ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பது, நீட்டலாம், குறுக்கலாம். நிஜ டிரம்ஸின் நகலாகத் தோற்றதால்தான் அது தனக்கென ஒரு குரல் உள்ள வாத்தியமாயிற்று.

இன்று அந்தப் பெட்டி இல்லாமலே அந்த அடியை நீங்கள் உண்டாக்கலாம். இலவச சிந்தசைசர் செயலி ஒன்று போதும். ஒரு ஸைன் அலையை எடுங்கள். சுருதி 200 ஹெர்ட்ஸில் தொடங்கி 40 மில்லி செகண்டுக்குள் 50க்கு இறங்கட்டும். ஒலி அரை நொடிக்குள் அடங்கட்டும். தொடக்கத்தில் ஒரு பொட்டு இரைச்சல் சேருங்கள். குச்சி பட்டது போல இருக்கும். கடைசியாக டிஸ்டார்ஷன் ஒரு சிட்டிகை. 50 ஹெர்ட்ஸை ஃபோன் ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. டிஸ்டார்ஷன் கூட்டும் மேல் அலைகளை வைத்து, அடியில் இருக்க வேண்டிய சுருதியை நம் மூளையே நிரப்பிக்கொள்ளும்.

பிறகு நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, சுருதி இறங்கும் நேரத்தை மட்டும் கூட்டிக் குறைத்துக் கேளுங்கள். பத்து மில்லி செகண்டில் அடியின் குணமே மாறுவது தெரியும். தயார் ஓசைகளை இறக்கிக்கொள்வதற்கு முன்னால், ஒரு கிக்கையாவது உங்கள் கையால் செய்து பாருங்கள்.