தராசு யார் கையில்?

அறிவியலில் ஆதாய முரண் என்றதும், கவர் வாங்கிய விஞ்ஞானிதான் நம் மனசில் வருவார். காசே கைமாறாத ஒரு முரணைச் சொல்கிறேன்.

அதிராம்பட்டினத்தில் உப்பளங்களையும் அலையாத்திக் காட்டையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இறால் பண்ணை புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் டெல்டாக் கடலோரத்தில் இவை வேகமாகப் பெருகின. அரசுக்கு ஏற்றுமதி வருமானம் வேண்டும். இறால், மீன் வளர்ப்பை முன்னேற்றவே 1987இல் சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது.

இன்னொரு பக்கம், வயல்ல உப்பு ஏறுது, கிணத்துத் தண்ணிய வாயில வைக்க முடியல என்று சனங்கள் புலம்பினார்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றம் போனார்.

சேதத்தை யார் அளப்பது? இறாலை வளர்ப்பதையே வேலையாகக் கொண்ட நிறுவனத்திடம் மட்டும் கேட்டால் சரிவருமா? நீதிமன்றம் நாக்பூரின் 'நீரி' நிறுவனத்தை அனுப்பியது. அதுவும் மக்கள் வரிப்பணத்தில் நடப்பதுதான். ஆனால் இறால் விளைச்சலைக் கூட்டுவது அதன் பொறுப்பல்ல. ஆந்திர, தமிழகப் பண்ணைகளைப் பார்த்துவிட்டு, வருமானத்தைவிடச் சேதம் பெரிது என்றது அது.

தீர்ப்பை வாசிக்கும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் வேறு. சென்னை நிறுவனத்தின் இயக்குநர் அழகர்சாமி எழுதிய அறிக்கையையும் நீதிபதிகள் விரிவாக மேற்கோள் காட்டுகிறார்கள். நிலத்தடி நீர் உப்பாவதை அவரே பதிவு செய்திருக்கிறார். ஆக, பிரச்சினை ஆளின் நேர்மை இல்லை. உண்மையை எழுதுகிறவர் ஒருவர். அதை வைத்து முடிவெடுக்கிறவர் இன்னொருவர். அந்த இன்னொருவருக்கு ஆதாயம் எதில் என்பதுதான் கேள்வி.

1996 டிசம்பர் 11இல் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. பாரம்பரிய முறைப் பண்ணைகள் தவிர, கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் உள்ளவற்றை இடிக்கச் சொன்னது. சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் ஓர் ஆணையம் அமைக்கவும் உத்தரவிட்டது.

2005இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டது. கடலோர ஒழுங்குமுறைத் தடை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குப் பொருந்தாது என்று, 1991 முதலே செல்லும்படி அதில் எழுதிவிட்டார்கள். புதிய ஆணையத்தில் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் ஓர் இருக்கை உண்டு. 2005 சட்டப்படி தலைமைக்கு, உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர். ஆனால் ஆணையம் இன்று இருப்பது மீன்வள அமைச்சகத்தின் கீழே. இறாலை வளர்க்கச் சொல்வதும் அதே அமைச்சகம்தான்.

கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். தராசை அவர் வீட்டுக்குள்ளேயே வைத்தால் வாங்க வந்தவருக்கு எப்படி நம்பிக்கை வரும்?