புது எஞ்சினைப் பழக்கும் சம்பிரதாயம்

இராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை பாலாற்றை ஒட்டி நீண்டு கிடக்கும் தோல் பிரதேசத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் ஏற்றுமதிக் கணக்கையும் விஸ்தாரமாகப் பேசுவார்களேயன்றி, அந்தத் தோல் ஒரு காலத்தில் கிணற்று நீரை மேலே கொண்டுவரும் சாதனமாகவும் இருந்ததை அநேகமாக மறந்துவிடுகிறார்கள். மாடு பூட்டி நீரிறைக்கும் கவலையில், சாலின் அடியில் தொங்கிய தோல் வால் ஓயாமல் நனைந்தும் காய்ந்தும் சீக்கிரமே உளுத்துப்போகும். சென்னையில் இன்ஜினீயரிங் பேராசிரியராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன், அதற்கு மாற்றாக நீரைத் தாங்கும் குரோம் தோலைப் பதனிடும் பரீட்சையை 1903-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கினார். வேடிக்கை என்னவென்றால், கவலையையே அநாவசியமாக்கிவிட்ட எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் குடியானவர்களிடம் கொண்டுபோவதில் முன்னின்றவரும் அவரேதாம். சர்க்கார் தொழில் நடத்துவது தகாது என்று லண்டனிலிருந்து இந்தியா மந்திரி மார்லி 1910-இல் தடுத்துவிட, அந்தப் பரீட்சையிலிருந்து வளர்ந்த குரோம் தொழிற்சாலை ரேவா சமஸ்தானத்தின் கைக்குப் போயிற்று. எஞ்சினோ வயல்களில் வேரூன்றிவிட்டது.

எஞ்சின் வந்தபோதே அதைப் பழக்கும் சம்பிரதாயமும் உடன் வந்தது. கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் புதுச் சிலிண்டரின் சுவரில், கடைசலும் தீட்டலும் விட்டுச்சென்ற நுண்ணிய மேடுகள் உண்டு. பிஸ்டன் வளையம் மிதமான பாரத்தில் அவற்றைத் தேய்த்துத் தனக்கு இசைவான தளமாக்கிக்கொள்ளும் முன்பே முழு வேகம் கொடுத்தால், உஷ்ணம் மிகுந்து உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதைத்தான் 'சீஸ் ஆயிடுச்சு' என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்கள்.

எண்பதுகளில் இராணிப்பேட்டையிலேயே, ஜெர்மானிய சுண்டாப் கம்பெனியின் நுட்பத்தைக் கொண்டு, சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர் என்ற 50 சி.சி. இரண்டு-ஸ்டிரோக் வண்டிகளை என்ஃபீல்டு ஸ்தாபனம் செய்தது. இவ்வகை எஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றும் எண்ணெயே அதன் உயிர். ஆகையால் புது வண்டிக்கும் தேய்ந்த சிலிண்டரை மறுபடி கடைந்து ரீபோர் செய்த வண்டிக்கும், 'ஆயில் கொஞ்சம் தூக்கலா ஊத்துங்க, ரன்னிங்-இன் முடியறவரைக்கும் முறுக்காதீங்க' என்பதே உபதேசம். புதுச் செருப்பு கடிக்கும் என்பதை அறிந்த ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியிருந்திராது. பின்னாளில் கடைசல் நுட்பம் தேர்ந்ததும், நாலு-ஸ்டிரோக் வண்டிகள் வந்ததும், அந்த உபதேசம் கையேட்டின் ஒரு பக்கத்துக்குள் ஒடுங்கிப்போயிற்று.

அது இன்னும் முழு மரியாதையோடு உயிர்வாழும் இடம், ரேடியோ அலையால் ஓட்டும் நைட்ரோ பொம்மைக் கார்தான். மெத்தனால், நைட்ரோமீத்தேன், பலவற்றில் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்தது அதன் எரிபொருள். அதே ஆமணக்கெண்ணெய் கந்தகாமிலம் ஏற்றப்பட்டுத் தோல் பதனிடும் டிரம்களில் தோலுக்கு மென்மை தருவதும் உண்டு. மூன்றரை சி.சி. மாத்திரமே கொள்ளும் இந்தச் சிற்றெஞ்சினில் பிஸ்டன் வளையம் இல்லை. குரோமியம் பூசிய பித்தளைக் குழல் மேலே சற்றுக் குறுகி, குளிர்ந்திருக்கையில் அலுமினியப் பிஸ்டனை இறுகப் பிடித்திருக்கும். சூடேறினால்தான் விரிந்து வழிவிடும். எரிபொருளை வழியவிட்டுக் குளிரக் குளிர ஓட்டுவதே பழக்குதல் என்ற பழைய எண்ணம், ஆகவே, இங்கே செல்லாது என்பதே என் அபிப்பிராயம்: கலவையில் எரிபொருள் சற்று மிகுந்திருக்கலாம், ஆனால் உஷ்ணம் வேலை செய்யும் அளவை எட்ட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் ஆறவிடும்போது, ஃபிளைவீலைக் கையால் திருப்பிப் பிஸ்டனை அடியில் நிறுத்திவிடுவது விவரமறிந்தவர்கள் வழக்கம். மேலே விட்டுவிட்டால், சுருங்கும் குழல் அதைக் கவ்விக்கொள்ளும்.