எஞ்சினும் கியர் பெட்டியும் இணைந்த கதை



கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்குவோர்க்குக் கல்வராயன் மலைத்தொடர் நீல நிற மதில்போலத் தோன்றும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சை மலை ஆகியவற்றின் உறவு. நான் ஆசிரியப் பயிற்சி பெற்று வேலைக்கு வந்த நாளில் கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-இல் விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019-இல் தானே ஒரு மாவட்டத்தின் தலைநகர் ஆயிற்று. மலையின் வரலாறோ வேறு. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்த அம்மலைப்பகுதி, நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்து, 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்தின் கீழ் வந்தது.

அந்த மலைப்பாதையில் ஒரு நாள் காலையில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு முன், மோட்டார் வண்டியின் வரலாற்றில் மலைக்குள்ள பங்கினைச் சிறிது கூற வேண்டும்.

ஜெர்மனி நாட்டுக் கார்ல் பென்ஸ் என்பவர் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்த நாள் 1886 ஜனவரி 29. அவ்வண்டிக்கு ஒரே ஒரு வேகப்பல்தான் இருந்தது. 1888 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் இரு மைந்தரையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் வண்டியைச் செலுத்திச் சென்றார். சமவெளியில் ஓடிய வண்டி மேட்டில் திணறியது. பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. ஊர் திரும்பியதும் அவ்வம்மையார் கூறிய குறைகளுள் ஒன்று, மேடேறுவதற்குத் தாழ்ந்த கியர் ஒன்று தேவை என்பது. அவ்வாறே பின்னர் அமைக்கப்பட்டது. ஆகவே கியர் பெட்டியின் வளர்ச்சிக்கு மலையும் ஒரு காரணம் எனலாம்.

மலையில் கியர் எதற்கு? பெட்ரோல் எஞ்சினின் இயல்பு அது. நீராவி எஞ்சின் நின்ற நிலையிலேயே முழு இழுவிசை தரவல்லது. சென்னை சிம்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்தார் என்பது நம் மாநிலத்திற்குப் பெருமை தரும் செய்தி. ஆனால் பெட்ரோல் எஞ்சினோ வேகமாகச் சுழன்றால்தான் வலிமை காட்டும். மெதுவாகச் சுழலச் சொன்னால் நின்றுவிடும். ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகவும் எஞ்சின் விரைவாகவும் சுழல வேண்டும். அதற்கு இடையே நின்று சமாதானம் செய்து வைப்பது கியர் பெட்டி. அவ்விரண்டையும் வேண்டும்போது சேர்ப்பதும் வேண்டும்போது பிரிப்பதும் கிளட்ச்.

1891-இல் பிரான்சு நாட்டில் பனார், லெவாசோர் என்னும் கூட்டாளிகளின் தொழிற்சாலை, முன்னே எஞ்சின், அதன்பின் கிளட்ச், அதன்பின் கியர் பெட்டி என்னும் வரிசையை வகுத்தது. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் எஞ்சின் ஓரிடத்தும் கியர் பெட்டி சற்றுத் தள்ளி வேறோர் இடத்தும் தனித்தனியே சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தன. கரடுமுரடான சாலையில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அப்பொழுது இரண்டின் நேர்க்கோடு குலையும். இக்குறைக்குத் தீர்வு, இரண்டையும் ஒரே உடலாகச் சேர்த்துவிடுவதே. 1908-இல் வெளிவந்த ஹென்றி போர்டின் ‘மாடல் டி’ வண்டியில் எஞ்சினும் கியர் அமைப்பும் ஒன்றாக இணைந்து, ஒரே எண்ணெயில் ஓடின. அவ்வண்டி 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. அதற்கும் மலை ஒரு சோதனை வைத்தது. பெட்ரோல் தொட்டி இருக்கையின் கீழ் இருந்து, எண்ணெய் தானாகவே வழிந்து எஞ்சினுக்குச் செல்லும் அமைப்பாதலால், செங்குத்தான ஏற்றத்தில் எண்ணெய் எட்டாமல் எஞ்சின் நின்றுவிடும். ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மலை ஏறினர்! 1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த ‘மினி’ கார், கியர் பெட்டியை எஞ்சினின் அடியிலேயே, எண்ணெய்த் தொட்டிக்குள் வைத்துவிட்டது. அங்கே ஒன்றை வெளியே எடுத்தால் மற்றதும் கூடவே வந்தாக வேண்டும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். விடுதலைக்குப் பின் அயல்நாட்டுக் கார்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. மேற்கு வங்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என மூன்று கம்பெனிகளே பல்லாண்டுகள் நம் சாலைகளுக்குக் கார்கள் அளித்தன. சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலை, முதலில் ‘வான்கார்டு’ காரையும், 1961 முதல் ‘ஹெரால்டு’ என்னும் சிறு காரையும் தந்தது. இத்தாலியரான மிக்கெலொட்டி வரைந்த வடிவம் அது. நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு ஒன்று பின்னர் இந்தியாவிலேயே தனியாகச் செய்யப்பட்டது.

ஹெரால்டின் அமைப்பில் இரண்டு வசதிகள் உண்டு. முன் மூடியும் இருபுற மட்காப்புகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். எஞ்சின் மூன்று பக்கமும் திறந்து கிடக்கும். மற்றொன்று, கியர் பெட்டியின் மேலுள்ள மூடியை உள்ளேயிருந்து கழற்றிவிட்டால், எஞ்சினைத் தொடாமலே கியர் பெட்டியை மட்டும் காருக்குள் வழியாக எடுத்துவிடலாம். வண்டி ஏறத்தாழ 25 அடி வட்டத்திற்குள் திரும்பிவிடும். ஆகவே கொண்டை ஊசி வளைவுகளில் அதற்கு நல்ல பெயர்.

என் தமையனார் பழைய ஹெரால்டு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அக்காலத்தில் நான் மலைமேல் இருந்த ஒரு பள்ளியில் இளம் ஆசிரியன். 1988-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வண்டியின் கியர் பெட்டி பழுதாகியது. ஊரில் ஒரு பட்டறையில் விட்டோம். பழுது நீக்கிய பெட்டியை, எஞ்சினைக் கழற்றாமல், காருக்குள் இருந்தே பொருத்தினார்கள். அதுவும் தவறான முறை அன்று. பொறுமையோடு செய்தால் போதும். ஆனால் அந்தப் பொறுமையை நான்தான் கெடுத்தேன். மாலைக்குள் வண்டி வேண்டும் என்று பட்டறை வாசலில் நின்று அவசரப்படுத்தினேன். இருவர் பெட்டியைத் தூக்கி நுழைத்தனர். பாதி நுழைந்த நிலையில், போல்டுகளைத் தேடிய சில நிமிடங்கள், பெட்டியின் எடை முழுவதும் அதன் முன் தண்டிலேயே தொங்கிற்று. அதை நான் கண்ணாரக் கண்டேன். அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

மார்ச்சு மாதம் அரசுத் தேர்வு. தேர்வு மையம் மலையடிவாரத்திற்கு அப்பால் இருந்தது. நடுவே விடுமுறை நாட்கள் வந்தமையால், என் மாணவர் மூவர் மலைமேலுள்ள தம் ஊர்களுக்குச் சென்றிருந்தனர். கணக்குத் தேர்வன்று காலையில் முதல் பேருந்து வரவில்லை. நல்வினைப் பயனாக முதல் நாள் நான் தமையனாரின் காரில் மலைக்கு வந்திருந்தேன். மூவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். மூவரும் அவர்தம் குடும்பத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் முதல் தலைமுறையினர்.

ஒரு வளைவில் எதிரே மாட்டு மந்தை. வண்டியை நிறுத்தினேன். எஞ்சினும் நின்றது. மீண்டும் இயக்கி, கிளட்சை அழுத்திக் கியர் போட முயன்றேன். பற்கள் உராய்ந்து அலறினவேயன்றிக் கியர் விழவில்லை. கிளட்சு அழுத்தினாலும் எஞ்சினும் கியர் பெட்டியும் பிரிய மறுத்தன. கீழே கோமுகி அணையின் நீர்ப்பரப்பு வெயிலில் மின்னியது. மாணவருள் ஒருவன், “சார், நாங்க ஓடியே போயிடட்டுமா?” என்று கேட்டான். அந்தக் குரல் இன்றும் என் செவியில் உள்ளது.

எஞ்சினை நிறுத்தினேன். நின்ற எஞ்சினில் இரண்டாவது கியர் எளிதாக விழுந்தது. சாவியைத் திருப்பிவிட்டுப் பிரேக்கைத் தளர்த்தினேன். சரிவில் வண்டி உருண்டது. எஞ்சின் உயிர் பெற்றது. அதன்பின் கியர் மாற்றவே இல்லை. மலையடிவாரம், கச்சிராயபாளையம், சமவெளிச் சாலை அனைத்தும் இரண்டாவது கியரிலேயே கடந்தோம். எங்கும் நிற்கக் கூடாது. நின்றால் மீண்டும் புறப்படச் சரிவு இல்லை. மாணவர்கள் சன்னல் வழியே கையை நீட்டி வழி கேட்டுக் கூவிக்கொண்டே வந்தனர். தேர்வு தொடங்கி அரை மணி நேரம் கழிந்தால் உள்ளே விடமாட்டார்கள். மைய வாயிலில் சாவியை அணைத்து வண்டியை நிறுத்தியபோது, தேர்வு தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. மூவரும் உள்ளே ஓடினர். நான் இருக்கையிலேயே அமர்ந்திருந்தேன். கால் நடுங்கியது.

பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டு சென்றோம். வயது முதிர்ந்தவர். எஞ்சினுக்கும் பழுது பார்க்கும் காலம் வந்திருந்தமையால், இரண்டையும் சேர்த்தே வெளியே எடுத்தார். பிரித்துக் காட்டினார். கிளட்ச் தட்டின் நடுப்பகுதி வளைந்திருந்தது. “தம்பி, கியர் பெட்டியைத் தண்டுல தொங்க விட்டா தட்டு வளையும், வளைஞ்ச தட்டு விடாது” என்றார். இரண்டே வாக்கியத்தில் எனக்குப் பாடம் முடிந்தது.

அவர் வேலை செய்த முறையை அருகிலிருந்து கண்டேன். எஞ்சினைத் தரையில் மரக்கட்டைகள் மேல் நேராக அமர்த்தினார். புதிய தட்டை வைத்து, பழைய கியர் தண்டு ஒன்றை நடுவே செருகி மையம் பார்த்தார். மேல் தட்டின் போல்டுகளை ஒரே சுற்றில் முடுக்காமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கினார். கியர் பெட்டியின் கீழும் கட்டை கொடுத்து, எஞ்சினின் உயரத்திற்குச் சமமாக்கி, பலவந்தமின்றித் தள்ளினார். முன் தண்டு தானாகவே தன் இடத்தில் சென்று அமர்ந்தது. சுற்றிலும் போல்டு போட்டு முடுக்கும்வரை பெட்டியின் எடை கட்டையின் மேலேயே இருந்தது. பிறகு கியர்க் கம்பியின் மேற்பகுதியைக் கழற்றி வைத்தார். முக்காலியில் தொங்கிய செயின் பிளாக்கால் இரண்டையும் ஒன்றாகத் தூக்கினார். கியர் பெட்டியின் வால் தாழ்ந்தும் எஞ்சினின் முகம் உயர்ந்தும் சாய்வாகத் தொங்க, காரின் முன்பக்கம் வழியாக மெல்ல இறக்கினார். ஓராள் சங்கிலியில், ஓராள் வாலில், அவர் நடுவில். ரப்பர்த் தாங்கிகளின் போல்டுகளை எல்லாம் தளர்வாகப் போட்ட பின்னரே ஒவ்வொன்றாக இறுக்கினார்.

கடைசியில், எஞ்சினையும் உடலையும் இணைக்கும் மின்பட்டை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, “இதை மறந்தா என்ன ஆகும்?” என்று கேட்டார். நான் விழித்தேன். ஸ்டார்ட்டரின் பெரு மின்னோட்டம் வேறு வழியின்றி மெல்லிய கட்டுப்பாட்டுக் கம்பிகளின் வழியே ஓடி, அவற்றைச் சுட்டுவிடும் என்று விளக்கினார். அன்று நான் மாணவன், அவர் ஆசிரியர்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின், எஞ்சினும் கியர் பெட்டியும் பக்கவாட்டில் இணைந்து முன் சக்கரத்தையே இயக்கும் முறை நம் நாட்டில் பரவியது. பழைய கார்கள் ஒதுங்கின. வண்டலூர்த் தொழிற்சாலையும் 1980-களின் பிற்பகுதியில் கார் செய்வதை நிறுத்திற்று. இன்று மின்சாரக் கார்கள் வந்துள்ளன. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே இழுக்க வல்லதாதலால் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கிளட்ச் இல்லை, ஒரே கியர்தான். பென்ஸின் முதல் வண்டியிலும் ஒரே கியர்தான். ஆனால் இன்றைய வண்டியைப் பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டியதில்லை.

என் மாணவர் மூவருள் இருவர் அவ்வாண்டு கணக்கில் தேறினர். ஒருவன் தவறினான், அக்டோபரில் மீண்டும் எழுதித் தேறினான். அவன் இழந்த அந்த இருபது நிமிடத்தில், பட்டறை வாசலில் நான் காட்டிய அவசரத்திற்கும் பங்கு உண்டு என்பதை இவ்வளவு காலமும் நான் மறந்ததில்லை. தொழிற்கூடங்களில் பயிலும் மாணவர்களே, நாளை உங்களையும் ஒருவர் வாசலில் நின்று அவசரப்படுத்துவார். அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுங்கள். பெட்டியின் கீழ்க் கட்டையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.