ஆற்றங்கரைப் புகைவண்டி நிலையம்

வரலாறு என்றவுடன் கோட்டையும் கோபுரமும் நம் நினைவுக்கு வருகின்றன. நானோ, இன்று ஒரு சிற்றூரின் புகைவண்டி நிலையத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாநிலத்தில், பட்டாப்ஸ்கோ ஆற்றங்கரையில் உள்ளது எல்லிகாட் சிட்டி. அங்கே 1772-இல் எல்லிகாட் சகோதரர்கள் ஆற்றுநீரின் விசையால் இயங்கும் மாவாலையை நிறுவினர். பால்ட்டிமோர் நகரிலிருந்து அவ்வூர் வரை 13 மைல் இருப்புப்பாதை 1830, மே திங்களில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் வண்டிகளை இழுத்தவை குதிரைகளே! பாதையின் முடிவில் கருங்கல் நிலையம் எழுந்தது. அது முதற்கண் சரக்குக்காகவே அமைந்தது; பயணிகளுக்கு இடம் பின்னரே கிடைத்தது.

1949-இல் பயணி வண்டிகள் நின்றன. 1972-இல் ஆக்னெஸ் புயலின் வெள்ளம் ஊரைச் சூறையாடியது. ஆயினும் நிலையம் செப்பனிடப்பெற்று, 1976-இல் காட்சிச்சாலையாயிற்று. 2016-இலும் 2018-இலும் பெருமழை ஓடைகளில் பொங்கிக் கடைத்தெருவை அழித்தது, உயிர்களையும் கொண்டது.

இடர்ப்படும் ஊருக்குப் பழங்கட்டடம் எதற்கு என்று கேட்பீர்கள். ஆலையைத் தந்தது நீர். ஆலையால் செழித்த ஊரை நாடி வந்தது இருப்புப்பாதை. அவ்வூரை அழிப்பதும் நீரே. இவ்வுண்மையை அந்த நிலையத்தின் வாயிலில் நின்றாலே ஒரு சிறுவன் உணர்வான். நூல் ஆயிரம் சொற்களில் விளக்குவதை அக்கருங்கற்கள் நேரே காட்டுகின்றன. தன் பிறப்பை அறிந்த ஊரே தன் இடரையும் அறிந்து காத்துக்கொள்ளும் என்பது என் துணிபு.