பிஎம்2 (புராசஸ் மேனேஜர்)

பிஎம்2 என்பது நோட்.ஜேஎஸ் வலைச் செயலிகளைச் சர்வரில் தொடர்ந்து ஓடவைத்து, அவற்றின் நிலையைக் கண்காணிக்கும் மென்பொருள். அலெக்சாந்த்ர் ஸ்த்ரெலெவிச் உருவாக்கிய இது 2013-இல் வெளிவந்தது. ஏஜிபிஎல் உரிமத்தில் மூலநிரல் திறந்து கிடக்கிறது; என்பிஎம் வழியாக நிறுவலாம்.

எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் நுழைந்து, டெர்மினலில் நேரடியாக ஓடவிட்ட செயலி, அந்த இணைப்பு அறுந்தால் பெரும்பாலும் தானும் நின்றுவிடும். நோட்.ஜேஎஸ்ஸுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லாப் பயனர்களின் கோரிக்கைகளையும் ஒரே புராசஸ் கவனிப்பதால், எங்கோ ஒரு மூலையில் பிடிக்கப்படாமல் போன ஒரே ஒரு பிழை முழுத் தளத்தையும் சாய்த்துவிடும். பிஎம்2 பின்னணியில் தன் டீமன் ஒன்றை ஓடவிட்டு, செயலியை அதன் பொறுப்பில் வைக்கிறது. செயலி விழுந்தால் டீமன் உடனே எழுப்புகிறது. நிறுத்தச் சொன்னால் முதலில் சிக்இன்ட் சைகை போகும். செயலி 1,600 மில்லிநொடிக்குள் தானாக முடியாவிட்டால் டீமன் ‘சிக்கில்’ சைகையை அனுப்பி வலுக்கட்டாயமாக முடிக்கும். டேட்டாபேஸ் இணைப்புகளை ஒழுங்காக மூடவேண்டிய செயலிக்கு இந்த அவகாசம் போதாமல் போகலாம்; அமைப்புக் கோப்பில் அதைக் கூட்டிக்கொள்ளலாம்.

கிளஸ்டர் முறையில் ஓடவிட்டால், சிபியுவில் எத்தனை கோர் உண்டோ அத்தனை பிரதிகளை எழுப்பி, வரும் கோரிக்கைகளை அவற்றுக்குப் பங்கிட முடியும். புதிய பதிப்பை ஏற்றும்போது ‘ரீலோட்’ கட்டளை பிரதிகளை ஒவ்வொன்றாக மாற்றுவதால் தளம் நிற்பதில்லை. ஆனால் பயனரின் லாகின் விவரத்தைச் செயலி தன் நினைவகத்திலேயே வைத்திருந்தால், அடுத்த கோரிக்கை வேறு பிரதிக்குப் போகும்போது அவர் வெளியே தள்ளப்படுவார். கிளஸ்டருக்கு மாறுமுன் அந்த லாகின் விவரத்தை (செஷனை) ரெடிஸ் போன்ற பொது இடத்துக்கு நகர்த்துவது கட்டாயம்.

சர்வர் ரீபூட் ஆனபின்னும் செயலி எழவேண்டுமானால் இரண்டு கட்டளைகள் தேவை. ‘ஸ்டார்ட்அப்’ பிஎம்2-ஐ இயங்குதளத்தின் துவக்கத்தோடு இணைக்கும். ‘சேவ்’ அப்போது ஓடும் செயலிகளின் பட்டியலைப் பதியும். இரண்டாவதை மறந்தால் டீமன் மட்டும் எழும், செயலி எழாது.

கண்காணிப்புக்குப் பெரும்பாலானோர் பார்ப்பது ‘லிஸ்ட்’ அட்டவணையை. பெயர், நிலை, சிபியு, நினைவகம், மறுதொடக்க எண்ணிக்கை ஆகியவை அதில் வரிசையாகத் தெரியும். பச்சையில் ‘ஆன்லைன்’ என்று இருப்பதைக் கண்டு திருப்தி அடைவதுதான் பலரும் செய்யும் தவறு. புராசஸ் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் உறுதி செய்யாது. முடிவில்லாத லூப்பில் சிக்கிய செயலி ஒரு கோரிக்கைக்கும் பதில் தராமலே ‘ஆன்லைன்’ என்று நிற்கும். மறுதொடக்க எண்ணிக்கையே உண்மையைச் சொல்லும் நெடுவரிசை. நினைவகக் கசிவுள்ள ஒரு செயலிக்கு 300 எம்பி வரம்பு வைத்திருப்பதாகக் கொள்வோம். பயன்பாடு மெல்ல ஏறி வரம்பைத் தாண்டும், 30 நொடிக்கு ஒருமுறை சரிபார்க்கும் டீமன் அதைக் கண்டு செயலியை மறுபடி தொடங்கும், நினைவகம் இறங்கிவிடும். தளம் நலமாகவே தோன்றும், கசிவு அப்படியே இருக்கும். ஏறிக்கொண்டே போகும் அந்த எண் மட்டும் அதைக் காட்டிக்கொடுக்கும். எனவே எண்ணிக்கை ஏறினால் பிழைப் பதிவைத் திறந்து காரணம் தேடவேண்டும். தளம் பதில் தருகிறதா என்று வெளியிலிருந்து சோதிக்கும் ஏற்பாடும் தனியே வேண்டும்.

பிழைப் பதிவு உள்ளிட்ட பதிவுகள் பயனரின் ஹோம் கோப்புறைக்குள் ‘.பிஎம்2’ என்ற மறைவான கோப்புறையில் சேர்கின்றன. இயல்பாக அவற்றுக்கு அளவு வரம்பு கிடையாது. வட்டு நிரம்பிச் சர்வரே முடங்காமலிருக்க ‘பிஎம்2-லாக்ரொட்டேட்’ தொகுதியைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.

இதே வேலையைச் செய்யும் கருவிகள் வேறும் உண்டு. பைத்தானில் எழுதப்பட்ட சூப்பர்வைசர் இதற்கு மூத்தது. இன்றைய பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் சிஸ்டம்டி உடன்வருகிறது. விழுந்த செயலியை எழுப்ப அதன் சேவைக் கோப்பில் ஒரு வரி போதும். ஒரே பிரதியாக ஓடும் சிறிய செயலிக்கு அதுவே நிறைவு. பல கோர்களையும் பயன்படுத்தி, தளத்தை நிறுத்தாமல் பதிப்பு மாற்ற வேண்டிய நோட்.ஜேஎஸ் செயலிக்கே பிஎம்2 உண்மையில் பொருந்தும்.